பிக்னிக் போகலாம், தண்ணீரும் குடிக்கலாம்!

"என்னங்க, இந்த ஞாயித்துக்கிழமையாவது எங்கேயாவது போகலாமா?"

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருக்கிற எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. பதிலும் ஒன்றேதான்: "எங்கே போறது? பீச்சுக்குப் போய் வரவே பாதி நாள் போயிடும்." அதோடு பேச்சு முடிந்து, அவர் பேப்பரை எடுத்துக்கொள்ள, நாம் குக்கரை எடுத்துக்கொள்வோம்.

கடற்கரை நமக்குத் தூரம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலையும் காடும் ஏரியும் பட்டணத்துக்காரர்களைவிட நமக்குத்தான் கிட்டே. அம்பத்தூரில் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் திருவள்ளூர். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பூண்டி ஏரி. அதையும் தாண்டி மேற்கே போனால் அல்லிக்குழி மலைக்காட்டுக்குள் குடியம் குகை. போன வருஷம் மார்கழி பிறப்பதற்கு முன்னால், நான், அவர், இரண்டு குழந்தைகள், என் நாத்தனார், அவள் மகள் என்று ஆறு பேர் கிளம்பினோம். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முந்தைய ஒரு பயணத்தில் நடந்ததைச் சொல்லாமல் இதைச் சொன்னால் பிரயோஜனமில்லை.

அந்தப் பயணம் ஒரு சித்திரை மாதம். வேனில் கோயில் கோயிலாகப் போய் வந்தோம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பன்னிரண்டு பேருக்குப் புளியோதரை கிளறினது நானும் நாத்தனாரும். வேனில் ஆண்கள் வழியெல்லாம் இளநீர், சோடா, டீ என்று இறங்கி இறங்கிக் குடித்தார்கள். நாத்தனார் மட்டும் காலை காப்பிக்கு அப்புறம் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "ஏன் அண்ணி, தாகமா இல்லையா?" என்று கேட்டேன். மெதுவாகக் காதில் சொன்னாள்: "குடிச்சா போகணுமே, எங்கே போறது?"

மறுநாள் அவளுக்கு நீர்க்கடுப்பு. மூன்றாம் நாள் குளிர் ஜுரம், முதுகுப் பக்கம் வலி. ஒரு வாரம் மாத்திரை. ஒரு நாள் சந்தோஷத்துக்கு ஒரு வாரப் படுக்கை!

இதைப் படிக்கிற சகோதரிகளில் எத்தனை பேர் மனசுக்குள் "நானும் அப்படித்தான்" என்று சொல்லிக்கொள்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வெளியூர் என்றாலே தண்ணீரைக் குறைத்துக்கொள்வது நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே வந்துவிட்ட பழக்கம். ஆண்களுக்கு அது தோன்றவே தோன்றாது. அதனால்தான் பிக்னிக் திட்டம் போடும்போது எங்கே சாப்பிடுவது, எங்கே நடப்பது என்று பேசுகிற வீட்டில், எங்கே ஒதுங்குவது என்று யாரும் பேசுவதில்லை.

பெண்களுக்குச் சிறுநீர்ப் பாதை நீளம் குறைவு. கிருமி மேலே ஏறுவது சுலபம். நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி போனால் கிருமிகள் அடித்துக்கொண்டு போய்விடும். குடிக்காமலும் போகாமலும் மணிக்கணக்கில் அடக்கி வைத்தால் அவை உள்ளேயே தங்கிப் பெருகும். எரிச்சல், சொட்டுச் சொட்டாகப் போவது, அடிவயிற்று வலி என்று ஆரம்பிக்கும்போதே டாக்டரிடம் போய்விட வேண்டும். ஜுரமும் நடுக்கமும் வந்தால் சிறுநீரகம் வரை போய்விட்டது என்று அர்த்தமாக இருக்கலாம். கர்ப்பிணிகள் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது. "சூடு பிடிச்சிருக்கு, வெந்தயம் முழுங்கினா சரியாயிடும்" என்று உட்கார்ந்திருப்பது வேண்டாம்.

ஆகவே இந்தத் தடவை திட்டம் போடும்போது நானே முதலில் வாயைத் திறந்தேன். "எங்கெங்கே கழிப்பிடம் இருக்குன்னு முதல்ல விசாரிங்க. அப்புறம்தான் டிக்கெட்" என்றேன். அவர் கொஞ்சம் விழித்தார். பிறகு விசாரித்தார்.

காட்டுக்குள் போகிறவர்கள் கவனத்துக்கு

குடியத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஒரு துயரத்தை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் மகளிர் தினத்தையொட்டி மலையேறப் போன பெண்கள். "பொண்ணுங்களுக்கு எதுக்கு மலையும் காடும்" என்று அப்போது நம் வீடுகளிலேயே பேசினார்கள். எனக்கு அந்தப் பேச்சில் சம்மதமில்லை. போனது தப்பில்லை. காய்ந்த காலத்தில், காட்டை அறிந்தவர்களின் சரியான துணை இல்லாமல் போவதுதான் ஆபத்து.

இப்போது தமிழ்நாடு வனத்துறையே இதற்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறது. 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தார்கள். அதில் திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகையும் ஒன்று. முன்கூட்டியே பெயர் பதிந்து பணம் கட்டினால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூட வருவார்கள். காட்டுத்தீ அபாயம் உள்ள மாதங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள். 2025-ல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மூடியிருந்தார்கள். குழந்தைகளுக்கு வயது விதி உண்டு, பதியும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். "தெரிஞ்ச பையன் ஒருத்தன் கூட்டிட்டுப் போறேன்னான்" என்று அனுமதியில்லாமல் காட்டுக்குள் நுழைய வேண்டாம். மழை விட்ட பிறகு, கார்த்திகை, மார்கழி, தை மாதங்கள்தான் இந்தப் பக்கத்துக்கு நல்ல காலம்.

ரயிலில் திருநின்றவூர், செவ்வாப்பேட்டை, புட்லூர் என்று ஒவ்வொன்றாக வர வர நாத்தனாருக்குக் கைகூப்பவே நேரம் சரியாக இருந்தது. திருநின்றவூரில் பக்தவத்சலப் பெருமாள். தாயாருக்கு 'என்னைப் பெற்ற தாயார்' என்று பெயர். புட்லூரில் நிறைமாத கர்ப்பிணி கால் நீட்டிப் படுத்தாற்போல் புற்று வடிவில் அம்மன். "இறங்கிட்டுப் போகலாமா?" என்றாள். "இன்னிக்கு இல்லை அண்ணி, இன்னிக்கு நடக்கப் போறோம்" என்று அமர்த்தினேன். பூந்தமல்லிக்காரர்களுக்கு ரயில் கிடையாது. திருமழிசை வழியாகத் திருவள்ளூர் பஸ்ஸே சௌகரியம். திருவள்ளூரில் இறங்கியதும் இட்லி, பொங்கல் சாப்பிட்டோம். ஓட்டலைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரே அளவுகோல்தான்: கூட்டம் உள்ள கடை. அங்கேதான் பண்டம் தேங்காது, சட்னி சூடாறிப் புளிக்காது. கை கழுவும் இடத்தைப் பார்த்தாலே மற்றது தெரிந்துவிடும். அங்கேயே எல்லாரும் 'போய்விட்டு' வந்தோம், குழந்தைகள் உள்பட.

பூண்டி ஏரியைப் பார்த்ததும் குழந்தைகள் "கடல், கடல்!" என்று கத்தினார்கள். சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தி அவர்களின் முயற்சியால் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணை இது. 1944-ல் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. முந்தைய வருஷமே காலமாகிவிட்டார். அவர் பெயர்தான் ஏரிக்கு. ஆந்திராவிலிருந்து வரும் கிருஷ்ணா தண்ணீரும் இங்கேதான் வந்து சேர்கிறது. இங்கிருந்து கால்வாய் வழியாகப் புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் போகிறது. சென்னை வீட்டுக் குழாய்களில் வரும் தண்ணீரில் இதற்கும் பங்கு உண்டு என்று சொன்னதும் என் பையன் ஏரியைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தான். பார்ப்பதோடு சரி. எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் குழந்தைகளைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள்.

பூண்டியில் தொல்லியல் துறை வைத்திருக்கும் சின்ன அருங்காட்சியகத்தைத் தவற விட்டுவிடாதீர்கள். திறந்திருக்கும் நாளை மட்டும் விசாரித்துக்கொண்டு போங்கள். ஆதிமனிதர்கள் செய்த கல் ஆயுதங்கள் வரிசையாக இருக்கின்றன. பக்கத்து ஊரான அதிரம்பாக்கத்தில் 1863-லேயே ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்காரப் புவியியல் நிபுணர் இப்படிப்பட்ட கற்களைக் கண்டெடுத்தார். பிற்காலத்தில் அதே இடத்தில் வருஷக்கணக்கில் பொறுமையாகத் தோண்டி ஆராய்ந்த குழுவின் தலைவி ஒரு பெண்மணி, சாந்தி பப்பு அவர்கள். அங்கே கிடைத்த கற்கோடரிகள் சுமார் 15 லட்சம் வருஷப் பழமை என்று அவர் குழு 2011-ல் அறிவித்தது. நாத்தனார் மகள் ஒரு கல்லைக் காட்டி, "அத்தை, இது அந்தக் காலத்து அரிவாள்மனையா?" என்றாள். ஏன் இருக்கக் கூடாது? மாமிசம் அறுக்கவும், கிழங்கு தோண்டவும்தானே அவர்களுக்கும் கல் வேண்டியிருந்திருக்கும்!

குடியம் கிராமத்திலிருந்து குகை வரை முட்புதர்க் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை. போக வர அரைநாள் ஒதுக்க வேண்டும். செங்குத்தாக ஏறுகிற மலை இல்லை. ஆனால் வழி முழுக்க உருண்டைக் கூழாங்கல். சாதாரணச் செருப்பு வழுக்கும். நான் பையனுடைய பழைய கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டேன், கொஞ்சம் பெரிசு, இரண்டு ஜோடி காலுறையில் சரியாகிவிட்டது. புடவை முள்ளில் மாட்டும். சல்வார் கமீஸ் உத்தமம். நாத்தனார், "இந்த வயசுல நான் சுடிதாரா?" என்று கூச்சப்பட்டு, கடைசியில் மகளுடையதைப் போட்டுக்கொண்டு வந்தாள். நன்றாகவே இருந்தது.

மரங்கள் விலகினதும் திடீரென்று எதிரே எழுகிறது பாறை. குகை என்றால் இருட்டுப் பொந்து என்று நினைத்திருந்தேன். இது கல்யாண மண்டபம்போலப் பெரிய பாறைக் கூரை. பாறை முழுக்கக் கூழாங்கற்கள், முந்திரி பதித்த கேக்கைப் போல. உள்ளே மணச்சம்மன் என்ற கிராம தேவதை. 1960-களில் தொல்லியல் துறையினர் இங்கே தோண்டிப் பார்த்துக் கல் ஆயுதங்களை எடுத்திருக்கிறார்கள். மேலே பாறை இடுக்கில் தேன்கூடுகள் தொங்கும். வழிகாட்டி சொன்னதை அப்படியே சொல்கிறேன்: கத்தக் கூடாது, கல் எறியக் கூடாது, புகை கூடாது, செண்ட் போட்டுக்கொண்டு வரக் கூடாது. மல்லிகைப்பூவையும் அன்றைக்கு ஒரு நாள் விட்டுவிடலாம்.

கூடையில் என்ன, கூஜாவில் என்ன?

மதியச் சாப்பாட்டுக்குக் காட்டில் கடை கிடையாது. கையில்தான் கொண்டுபோக வேண்டும். ஆனால் மூன்று மணிக்கு எழுந்து கிளறுகிற வேலையை நான் விட்டுவிட்டேன். முதல் நாள் இரவே புளிக்காய்ச்சல் தயார். காலையில் சாதம் மட்டும் வடித்து, தாம்பாளத்தில் கொட்டி நன்றாக ஆற வைத்துக் கலந்தேன். சூட்டோடு மூடினால்தான் சாதம் சீக்கிரம் கெடும், வயிற்றையும் கெடுக்கும். புளிப்பு உள்ள சாதங்கள் தாக்குப் பிடிக்கும். தயிர் சாதத்துக்குப் பழைய முறையே மேல்: குழைந்த சாதத்தில் காய்ச்சி ஆறின பாலை நிறைய விட்டு, ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் கலந்தால், மதியம் திறக்கும்போது புளிக்காமல் தோய்ந்திருக்கும். தேங்காய்ச் சட்னி, முட்டை, மாமிசம் இவற்றை வெயிலில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். மீன் ஆசை உள்ளவர்கள் திரும்பி வரும்போது ஏரிக்கரைப் பக்கம் வறுத்துத் தருவதை, கண்ணெதிரே எண்ணெயிலிருந்து எடுப்பதாக இருந்தால், சாப்பிடலாம். பிளாஸ்டிக் பை சரசரக்கும் சத்தம் கேட்டாலே குரங்கு வரும் இடங்களில் மூடி போட்ட எவர்சில்வர் தூக்குதான் பத்திரம்.

இப்போது குடிக்கிற விஷயம். வெயிலில் நடக்கிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும். அதையும் தாகம் எடுக்கும்போது மொத்தமாக இல்லாமல், கால் மணிக்கொரு தடவை நாலு வாய். உப்புப் போட்ட நீர்மோர், எலுமிச்சைச் சாறு இரண்டுமே நல்லது. யாருக்காவது தலை சுற்றினாலும், வயிற்றுப்போக்கு வந்தாலும் கைகொடுக்க ஒரு பொட்டலம் தயாராக இருக்கட்டும்: தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டியதுதான். உப்பு கூடிவிடக் கூடாது, முக்கியமாகக் குழந்தைகளுக்கு. இளநீர் அருமையானது, ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது, அதில் பொட்டாசியம் அதிகம்.

மாசி பங்குனிக்கு மேல் போனால் பனைமரங்களில் பதநீர் இறக்குவார்கள். மலையேறும் காலமும் பதநீர்க் காலமும் ஒத்து வராது, என்ன செய்வது! அந்த மாதங்களில் ஏரிக்கரையோடு திரும்பிவிட்டு, பதநீரைக் குடிக்கலாம். பதநீரும் கள்ளும் ஒரே மரத்துச் சாறுதான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் நுரைக்காமல் பதநீராக நிற்கும்; தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். கள்ளுக்கு நம் மாநிலத்தில் 1987 முதல் தடை. பதநீரைக் காலையிலேயே வாங்குங்கள். வாயருகே கொண்டு போகும்போதே புளித்த வாசனை வந்தால், அது குழந்தைக்குக் கொடுக்கிற பானம் இல்லை. பத்தில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை உண்டு என்பதால் நீரிழிவுக்காரர்கள் ஆசைக்கு ஒரு வாய் போதும்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு வாக்குவாதத்தையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய சிநேகிதர் ஒருவர், பெங்களூரிலும் பாண்டிச்சேரியிலும் கடையிலேயே காய்ச்சி அங்கேயே ஊற்றித் தருகிற பியரின் பெருமையைப் பாடிவிட்டு, "பியர் ஒண்ணும் சாராயம் இல்லை மேடம், சிறுநீரகக் கல்லுக்கே டாக்டருங்க குடிக்கச் சொல்றாங்க" என்றார். இந்தப் பேச்சு நம் ஊரில் ரொம்ப நாளாக உலவுகிறது. பியர் நீரைப் பிரிக்கும் என்பது வாஸ்தவம். அதனாலேயே வெயிலில் நடக்கிறவன் உடம்பிலிருந்து தண்ணீர் இன்னும் வேகமாகப் போய்விடும், வறட்சிதான் மிஞ்சும். கல் உள்ளவர்களுக்கு வேண்டியது நிறையத் தண்ணீர். பியருக்கு மூலப்பொருளான அதே பார்லியைக் கஞ்சியாக வடித்து மோர் கலந்து கொடுத்தால் குடித்துவிட்டு நடக்கலாம், வண்டியும் ஓட்டலாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மார்களும் "ஒரு வாய்தானே" என்று யாராவது நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதான். சிநேகிதருக்குப் பார்லி மோர் கொடுத்தேன். குடித்தார்!

சரி, இவ்வளவு தண்ணீரையும் குடித்துவிட்டுக் காட்டில் என்ன செய்வது? கூச்சத்தை விட்டுச் சொல்கிறேன். கிளம்பும்போதே வழிகாட்டியிடம், "நடுவில் பெண்கள் ஒதுங்க ரெண்டு தடவை நிக்கணும்" என்று சொல்லிவிட்டோம். அவருக்கு அது புதிசில்லை. ஆண்களை முன்னே போகச் சொல்லி, பாதைக்குப் பக்கத்திலேயே, தண்ணீர் ஓடுகிற இடத்துக்கு எட்டத்தில், ஒருத்தி மாற்றி ஒருத்தி. மறைப்புக்கு ஒரு பெரிய கறுப்புக் குடையை விரித்துப் பிடித்தால் போதும். வெயிலுக்கும் அதுவே ஆச்சு. தனியாகப் புதருக்குள் போகக் கூடாது. கழுவிக்கொள்ளத் தனியாக ஒரு பாட்டில் தண்ணீர், காகித சோப்பு. மாதவிலக்கு நாளாக இருந்தால் பழைய செய்தித்தாளும் ஒரு கெட்டியான பையும் எடுத்துக்கொண்டு, உபயோகித்ததைச் சுற்றித் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும்; காட்டில் போடக் கூடாது.

கைக்குழந்தைக்காரர்கள் குடியத்தைக் கொஞ்ச காலம் தள்ளி வையுங்கள். ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடைபாதை போட்டு 2019-ல் பூங்காவாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள். காலை வேளையில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு சுற்று நடந்தாலே பிரசவத்துக்கு அப்புறம் இறுகின இடுப்புக்கு இதம். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை, விமானப்படை என்று பல மாநிலத்துக் குடும்பங்கள் இருப்பதால் சப்பாத்தியும் சன்னாவும் கிடைப்பதும் கஷ்டமில்லை. பக்கத்துத் திருமுல்லைவாயிலுக்கும் போய் வரலாம். பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வருகிற நாளில் காலையில் மேலூர் திருவுடை அம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடை அம்மன், மாலையில் இங்கே கொடியிடை அம்மன் என்று ஒரே நாளில் மூன்று பேரையும் தரிசிப்பது வழக்கம். வயசான மாமிகள்கூட எப்படித்தான் சளைக்காமல் சுற்றுகிறார்களோ! அவர்களிடமும் கேட்டுப் பாருங்கள், அன்றைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தீர்கள் என்று.

குடியத்திலிருந்து நாங்கள் வீடு திரும்பும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். நாத்தனார் அவள் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினாள், காலி. மறுநாளும் நீர்க்கடுப்பு வரவில்லை. ராத்திரிச் சமையலுக்கு நான் அடுப்பங்கரைக்குள் நுழைந்தபோது, "நீ உட்கார், உனக்கும்தானே லீவு" என்று அவரே உப்புமா கிளறினார். கட்டி கட்டியாக இருந்தது. ஆறு பேரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.